பாதி முத்திரை: தண்ணீரில் போட்டு இன்றுவரை உறுத்துகிற ஸ்டாம்ப் உங்களிடம் உண்டா?

மூன்றாவது டிராயர்

நேரே விஷயத்துக்கு வருகிறேன். பாட்டி போன பிறகு அவர் பெட்டியில் ஒரு கடிதக்கட்டு கிடைத்தது. நூல் சுற்றி நாற்பது உறை. எல்லாம் தாத்தா எழுதியவை. எனக்கு அப்போது பதினொரு வயது. பெரியவர்கள் ஒவ்வொன்றாகப் படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்க, நான் பக்கத்தில் கத்தரிக்கோலோடு காலி உறைக்குக் காத்திருந்தேன். கைக்கு வந்ததும் மூலையை வெட்டு, கிண்ணத்தில் போடு, மிச்சத்தைக் குப்பைக்கூடையில் வீசு. சாயங்காலத்துக்குள் நாற்பதும் முடிந்தது.

ஊறிய ஸ்டாம்ப் காகிதத்தை விட்டுத் தானாக நழுவும் அந்த நொடியைப் பற்றி இந்த ஸ்டாம்ப் சேகரிப்போர் குழுவில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அன்று அதை நாற்பது தடவை பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன், சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

போன மாதம் அந்த ஆல்பத்தைப் புரட்டும்போது ஒரு ஸ்டாம்பில் கண் நின்றுவிட்டது. யார் ஆல்பத்திலும் இருக்கிற சாதாரண ஸ்டாம்ப்தான். அதன் இடது பக்கம் தபால் ஆபீசில் குத்திய முத்திரையின் பாதி வட்டம். ஊர்ப் பெயரின் கடைசி மூன்று எழுத்தும் வருஷத்தின் கடைசி இரண்டு இலக்கமும் அச்சடித்த மாதிரி தெளிவாக இருக்கின்றன. மற்ற பாதி உறைமேல் விழுந்திருக்கும். அந்த உறையைத்தான் நான் வீசினேன்.

தாத்தா வேலைக்காக இரண்டு வருஷம் எங்கேயோ போயிருந்தார். எங்கே என்று சொல்ல இன்று வீட்டில் யாருமில்லை. கடிதங்கள் பத்திரமாக இருக்கின்றன, ஆனால் அவருக்குக் கடிதத்தில் ஊர் எழுதும் பழக்கமே கிடையாது. "நலம், நலமறிய ஆவல்" என்று ஆரம்பித்துவிடுவார்.

மூன்று எழுத்தை வைத்துக்கொண்டு முழிக்கிறேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது உண்டா?

சிவப்பு உறை

உங்களுக்காவது பாதி மிஞ்சியது. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை நூற்றைம்பது ஸ்டாம்பை ஒரே வாளியில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். அதில் ஒரே ஒரு துண்டு சிவப்பு உறையிலிருந்து வெட்டியது. திரும்பி வந்தால் வாளி முழுக்க ரோஸ் நிறம். வெள்ளைப் பின்னணியில் பறவைகள் போட்ட செட் ஒன்று, ஆறும் ஒரே சீராக ரோஸ். அம்மா எட்டிப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கு" என்றார். தூக்கிப் போட மனசு வரவில்லை. ஆல்பத்தில் தனிப்பக்கம் கொடுத்திருக்கிறேன்.

பல்லெண்ணி

மூன்றாவது டிராயர் சார், பதினொரு வயதில் யார்தான் வெட்டவில்லை? ஸ்டாம்ப் வெளியான அன்றே குத்திய சிறப்பு முத்திரையும் படமும் அப்படியே இருந்த ஒரு முதல் நாள் உறையை, "ஸ்டாம்ப் மட்டும் போதும்" என்று ஊறப்போட்டவன் நான். அவ்வளவுதான் என் கதை. ஆனால் இதைப் படிக்கிற புதியவர்களுக்காகச் சிலது சொல்லிவிடுகிறேன்.

பழைய உறை என்றால் வெட்டவே வெட்டாதீர்கள். முன்பக்கம் கிளம்பிய ஊர் முத்திரை, பின்பக்கம் சேர்ந்த ஊர் முத்திரை, நடுவில் முகவரி என்று எல்லாம் இருந்தால் அந்த உறையே ஒரு சேகரிப்பு. வெட்டியே ஆகவேண்டுமானால் நாலு பக்கமும் ஒரு விரல் அகலம் விட்டு, முத்திரையையும் சேர்த்து வெட்டுங்கள். ஸ்டாம்ப் ஓரத்துப் பல்லை ஒட்டிக் கத்தரிக்கோல் ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். ஒரு பல் போனால் ஸ்டாம்ப் போன மாதிரிதான்.

சாயம் போகிற உறைக்குத் தனிக் கிண்ணம். இது நம் சிவப்பு உறை நண்பருக்கு இப்போது தெரிந்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் போதும். இருபது நிமிஷத்தில் நழுவாவிட்டால் இன்னும் கொஞ்சம் விடுங்கள், நகத்தால் உரிக்காதீர்கள். பின்பக்க வழவழப்பு போகும்வரை வேறு தண்ணீரில் அலசவேண்டும், கோந்து மிச்சமிருந்தால் காயும்போது சுருண்டுவிடும். பிறகு ஈரத்தை உறிஞ்சும் வெள்ளைத்தாளில் பரப்பிக் காயவிட்டு, தடிப் புத்தகத்துக்குள் ஓர் இரவு. செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். ட்வீசர் முனை தட்டையாக இருக்கவேண்டும். புருவம் எடுக்கிற ட்வீசரோடு ஆல்பத்துக்குப் பக்கத்தில் வராதீர்கள்.

ஸ்டிக்கர் போல உரித்து ஒட்டும் ஸ்டாம்ப் வேறு ஜாதி. 1964-லேயே சியரா லியோன் தன் வரைபட வடிவத்தில் அப்படி வெளியிட்டது. இப்போது பல நாடுகளில் அதுதான் வழக்கம். சில ரகம் ராத்திரி முழுக்க ஊறினாலும் அசையாது. ஓரத்தாளோடு வெட்டி அப்படியே வைத்துவிடுங்கள்.

மின்ட் ஸ்டாம்புக்கு, அதாவது பயன்படுத்தாத ஸ்டாம்புக்கு, ஈரம்தான் எமன். கோந்து இளகி எதிர்ப்பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆல்பங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல் நிற்கவையுங்கள். பி.வி.சி. பிளாஸ்டிக் உறை எதுவும் வேண்டாம், நாளாக ஆக ஸ்டாம்பைக் கெடுத்துவிடும்.

அப்புறம் ஒன்று. நாற்பதும் ஒரே கட்டு என்றால் மற்ற முப்பத்தொன்பதைப் பார்த்தீர்களா? முத்திரை குத்துகிறவர் கை எல்லா உறையிலும் ஒரே இடத்தில் விழாது.

ஃபேன் ஸ்விட்ச்

நானூறு ஸ்டாம்ப். நாடுவாரியாக, வருஷவாரியாகத் தரையில் பரப்பி முடித்தேன். அண்ணன் உள்ளே வந்து, "என்னடா இப்படிப் புழுங்குது" என்று ஃபேனைப் போட்டான். மூன்று வருஷம் கழித்துக் கட்டிலை நகர்த்தியபோது ஒரு மங்கோலியா கிடைத்தது.

அட்லஸ்

எனக்கு ஸ்டாம்ப் தந்துகொண்டிருந்த மாமா எந்த நாடு என்று சொல்லவே மாட்டார். "நீயே கண்டுபிடி" என்பார். ஹெல்வெட்டியாவை ஒரு விடுமுறை முழுக்க அட்லஸில் தேடினேன். கடலுக்குள் இருக்கும் தீவுப் பெயரைக்கூட விடவில்லை. கடைசியில் அது ஸ்விட்சர்லாந்து! அங்கே நாலு மொழிக்காரர்கள், எந்த மொழிக்கும் சாயாமல் லத்தீன் பெயரைப் போடுகிறார்கள். மக்யார் ஹங்கேரி, சுவோமி ஃபின்லாந்து. ஒவ்வொன்றும் பிடிபடும்போது பூட்டு திறந்த மாதிரி இருக்கும்.

உறுத்துவது அதுவல்ல. சில ஸ்டாம்பில் ஒரு ராணியின் தலையும் ஓர் எண்ணும் மட்டும். நாட்டுப் பெயரே கிடையாது. "இது ஸ்டாம்பே இல்லை, ஏதோ லேபிள்" என்று முடிவு செய்து, கூடப் படித்த ஒருவனுக்குக் கை நிறைய அள்ளிக் கொடுத்துவிட்டேன். அவன் வாங்கிக்கொண்டு ஒரு சிரிப்பு சிரித்தான். ஏன் சிரித்தான் என்று புரிய எனக்கு நாலு வருஷம் ஆனது. 1840-ல் பிரிட்டனில் பென்னி பிளாக் ஸ்டாம்ப் வந்தபோது உலகத்தில் வேறு எங்கேயும் ஒட்டுகிற ஸ்டாம்ப் கிடையாது, பெயர் போட்டு யாருக்குக் காட்ட? அந்தச் சலுகையில் பிரிட்டன் இன்றும் பெயர் போடுவதில்லை, அரசரோ அரசியோ தலை காட்டினால் போதும். பையனுக்கு இது தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கோந்து

உங்கள் பையன் பரவாயில்லை. என் கதையில் ஏமாந்தது மட்டுமல்ல, ஏமாந்ததே தெரியாமல் பெருமை வேறு. பெரிய முக்கோண ஸ்டாம்ப், விண்வெளிக் கப்பல், பளபளவென்று. அதற்காக அப்பா கொடுத்த பழைய ஒற்றை நிற ஸ்டாம்ப் ஐந்தைக் கொடுத்தேன். பல வருஷம் முதல் பக்கத்தில் வைத்திருந்தேன். ஒருநாள் ஆல்பத்தில் ஒட்டிவைக்கும் ஹிஞ்ச் துண்டை மாற்ற எடுத்துத் திருப்பினால், பின்பக்கம் கோந்து கொஞ்சமும் கலையாமல் பளபளக்கிறது. முன்பக்கம் மூலையில் அளவெடுத்த மாதிரி கால் வட்ட முத்திரை. உறையில் ஒட்டாத ஸ்டாம்புக்கு முத்திரை எப்படி வந்தது? சேகரிப்பவர்களுக்கு மொத்தமாக விற்பதற்காக முத்திரையோடு சேர்த்தே அச்சடித்தது. ஒரு கடிதத்தையும் சுமக்காத ஸ்டாம்ப். அன்றிலிருந்து எதைக் கையில் எடுத்தாலும் முதலில் முதுகைத்தான் பார்க்கிறேன்.

சிவப்பு உறை

இதில் எனக்கு ஒப்புதல் இல்லை. அந்த முத்திரை போட்ட பாக்கெட் ஸ்டாம்ப்தான் நம்மில் பாதிப் பேரை உள்ளே இழுத்தது. மீன், பட்டாம்பூச்சி, ராக்கெட் எல்லாம் அதில்தான் பார்த்தோம். கடிதம் சுமக்கவில்லை என்றால் என்ன, எட்டு வயதுப் பையனுக்கு அது விண்வெளிக் கப்பல்தானே? மதிப்பு மதிப்பு என்று பேசுகிறவர்கள் வங்கிக்குப் போகலாம்.

கோந்து

மதிப்பை நான் எங்கே சொன்னேன்? ஐந்து போனது, அப்பா கொடுத்த ஐந்து. அதைத்தான் சொன்னேன்.

கடைசிப் பக்கம்

சண்டை வேண்டாம். மூன்றாவது டிராயருக்கு ஆறுதலாக ஒன்று. 1873-ல் பிரிட்டிஷ் கயானாவில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் வீட்டுப் பழைய கடிதங்களுக்குள் 1856-ஆம் வருஷத்து ஒரு சென்ட் ஸ்டாம்ப் கண்டெடுத்தான். மெஜந்தா தாளில் கறுப்பு மை, நாலு மூலையும் வெட்டி எண்கோணமாக இருந்தது. பார்க்க அழகாக இல்லை என்று ஆறு ஷில்லிங்குக்கு விற்றுவிட்டான். அந்த வகையில் உலகத்துக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். 2014 ஏலத்தில் 94 லட்சம் டாலருக்கு மேல் போனது. அவனைவிடவா நீங்கள் இழந்துவிட்டீர்கள்?

அட்லஸ்

ஸ்டாம்பைப் பற்றி நாலு பேர் பேசினால் இந்தப் பையன் எப்படியும் வந்துவிடுகிறான். அவன் விற்றது ஸ்டாம்பை. இவர் தேடுவது தாத்தா இருந்த ஊரை. இரண்டும் எப்படி ஒன்றாகும்? பல்லெண்ணி சார், நீங்களும் அறிவுரை ஒரு பக்கம், சொந்தக் கதை இரண்டு வரி. உங்கள் பெயருக்கு ஒரு காரணம் இருக்குமே, அதைச் சொல்லுங்கள்.

பல்லெண்ணி

சரி, சொல்கிறேன். ஒரே நிறம், ஒரே படம், ஒரே தொகை என்று டூப்ளிகேட் டப்பாவில் பதினேழு ஸ்டாம்ப் கிடந்தது. தூக்கம் வராத ஓர் இரவு, சும்மா இருக்கட்டுமே என்று பெர்ஃபரேஷன் அளவுகோலை எடுத்து ஒவ்வொன்றாகப் பொருத்தினேன். இரண்டு சென்டிமீட்டரில் எத்தனை பல் என்பதுதான் கணக்கு. பதினான்கு. பதினான்கு. பதினான்கு. பன்னிரண்டாவது ஸ்டாம்ப் கோட்டில் உட்காரவில்லை. இடதுகோடிப் பல்லைச் சரிசெய்தால் வலதுகோடி விலகுகிறது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி வைத்தேன். பன்னிரண்டரை. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த மனைவியை எழுப்பி, "இதில் பல் ஒன்றரை குறைகிறது" என்றேன். "காலையில் டாக்டரிடம் போகலாம்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அது அரிதானதா என்றால் ஒன்றுமில்லை, இரண்டு அளவும் கேட்டலாகில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஆனால் பதினேழு வருஷமாக என் டப்பாவில் ஒரு வேற்றாள் உட்கார்ந்திருந்திருக்கிறான், எனக்குத் தெரியவில்லை.

ஃபேன் ஸ்விட்ச்

அண்ணன் இதைப் படித்துவிட்டான். "உன்னை யார் தரையில் பரப்பச் சொன்னது" என்கிறான். இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

மூன்றாவது டிராயர்

எல்லோருக்கும் நன்றி. மற்ற முப்பத்தொன்பதைப் பற்றிப் பல்லெண்ணி சார் சொன்ன இரண்டு வரிக்காக ராத்திரி ஆல்பத்தைப் பிரித்து உட்கார்ந்தேன். நாற்பதில் முப்பத்தொன்று இருக்கிறது. பெரும்பாலானதில் வெறும் அலைக்கோடு, இல்லையென்றால் மை அப்பிய கறை. ஒன்றில் மட்டும் முத்திரை வலப்பக்கம் தள்ளி விழுந்து, பாதி வட்டம் உறைக்கு வெளியே போயிருக்கிறது. ஸ்டாம்பில் நிற்பது இடது பாதி. லென்ஸ் வைத்துப் பார்த்தால் முதல் இரண்டு எழுத்து!

வெள்ளைத்தாளில் அதே அளவில் ஒரு வட்டம் வரைந்து, இரண்டு ஸ்டாம்பையும் ட்வீசரால் இரண்டு பக்கம் வைத்துப் பார்த்தேன். முன்னால் இரண்டு, பின்னால் மூன்று, நடுவில் இரண்டு எழுத்துக்கு இடம். இதே எழுத்தில் ஆரம்பித்து இதே எழுத்தில் முடிகிற ஊர் எனக்குத் தெரிந்து மூன்று இருக்கிறது.

குறைகிற ஒன்பது எங்கே போனது என்று யோசித்து யோசித்து, நேற்று குளிக்கும்போது நினைவுக்கு வந்தது. எட்டாம் வகுப்பில் ஒருவனிடம் மாற்றிக்கொண்டேன். ஒன்பதுக்கு ஒன்று. பெரிய முக்கோணம், ராக்கெட் படம். இப்போதுதான் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்.

கோந்து இருக்கிறது.