தாப்பா பக்கம் புதிதாக வந்தவர்களுக்கு: பழைய கார் மக்கர் செய்தால் முதலில் என்ன பார்ப்பது

தாப்பா புதியவர்:
வணக்கம். சொந்த ஊர் மதுரைப் பக்கம். இங்கே மலேசியாவில், பேராக் மாநிலத் தாப்பாவில் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை, தோட்டத்தை ஒட்டி வீடு. பஸ்ஸை நம்பி இங்கே குடும்பம் நடத்த முடியாது என்று பழைய பெரோடுவா மைவி 1.3 கார் ஒன்று வாங்கினேன். ரெண்டு நாளாகக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் வண்டி முழுக்க நடுங்குகிறது. என்ஜின் விளக்கு மஞ்சளாக விட்டுவிட்டு எரிகிறது. போமன் என்று இங்கே சொல்லும் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். காயில், பிளக், இன்ஜெக்டர் மொத்தமும் மாற்ற வேண்டும், ஆயிரம் வெள்ளியை (ரிங்கிட்) தாண்டும் என்றார். அடுத்த வாரம் ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். கேமரன் மலைக்கு இந்த வண்டியில் கூட்டிப் போகலாமா? ஊரில் நான் ஓட்டியது பைக் மட்டும்தான். விவரம் தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்கள்.

பீடோர்க்காரர்:
தம்பி, காசு கொடுத்து எதையும் மாற்றும் முன்னால் பானட்டைத் திறந்து எலி வந்திருக்கிறதா என்று பாருங்கள். தோட்டத்தை ஒட்டி வீடு என்று நீங்கள் சொன்னதுமே எனக்கு அதுதான் தோன்றியது. செம்பனைப் பழம் எலிக்கு நல்ல தீனி. தோட்டங்களில் கம்பத்தின் மேல் மரப்பெட்டி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எலி பிடிக்கக் கூகை வந்து தங்கட்டும் என்று தோட்டக்காரர்களே வைக்கும் பெட்டி அது. ராத்திரி குளிருக்கு எலி ஏறி உட்கார, சூடு ஆறாத என்ஜின் மாதிரி வசதியான இடம் வேறு கிடையாது.

பகல் வெளிச்சத்தில், என்ஜின் ஆறியிருக்கும்போது, கையில் ஒரு டார்ச்சோடு பாருங்கள். பாட்டரித் தட்டின் ஓரம், ஏர் ஃபில்டர் பெட்டியின் உள்ளே, என்ஜின் மேல்மூடியின் அடி, இந்த மூன்று இடங்கள்தான் முக்கியம். புழுக்கை கிடக்கும். கடித்துத் துப்பிய செம்பனைப் பழ நார் ஆரஞ்சு நிறத்தில் சிக்கியிருக்கும். மூத்திர நாற்றமும் இருக்கும். பிறகு பிளக்குக்குத் தீப்பொறி மின்சாரம் தரும் நாலு காயிலுக்கும் போகும் ஒயர்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டே போங்கள். மேல் உறை உரிந்து உள்ளே செம்புக் கம்பி பளபளவென்று தெரிந்தால் வியாதி பிடிபட்டுவிட்டது. ஒரு காயிலுக்குக் கரண்ட் போகாவிட்டால் அந்தச் சிலிண்டர் எரியாது. நாலில் மூன்று மட்டும் வேலை செய்வதால்தான் வண்டி நடுங்குகிறது. போமன்கள் மிஸ்ஸிங் என்பது இதைத்தான்.

எலி வந்த தடம் இல்லையென்றால், வண்டியின் கம்ப்யூட்டர் காட்டும் பிழைக் குறியீட்டைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் போடச் சொல்லுங்கள். சின்ன ப்ளூடூத் ஸ்கேனர் ஷாப்பி ஆன்லைன் கடையில் மலிவாகக் கிடைக்கும், போனிலேயே படிக்கலாம். பி0301 என்று வந்தால் முதல் சிலிண்டர், பி0304 என்றால் நாலாவது. முதல் சிலிண்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் காயிலையும் இரண்டாவதன் காயிலையும் இடம் மாற்றிப் போட்டு, பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு, கொஞ்சம் ஓட்டிப் பாருங்கள். குறியீடு பி0302 என்று மாறினால் காயில்தான் கெட்டது, ஒன்று வாங்கினால் போதும். அதே பி0301 மறுபடி வந்தால் காயில் நல்லது; பிளக்கை இதே மாதிரி மாற்றிப் பாருங்கள், பிறகு ஒயர், கடைசியாக இன்ஜெக்டர். காசே செலவாகாத சோதனை இது. இதைச் செய்யாமல் மொத்தத்தையும் மாற்றச் சொல்பவரிடம் வண்டியை விடவே விடாதீர்கள்.

இன்னொரு விஷயம். அந்த மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக வொர்க்‌ஷாப் வரை ஓட்டிப் போகலாம். உங்களுக்கு விட்டுவிட்டு எரிகிறது. அப்படியென்றால் எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சூடேற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அது போனால் காயில், பிளக் செலவெல்லாம் ஒன்றுமே இல்லை என்றாகிவிடும். சரியாகும் வரை தூரமாக ஓட்டாதீர்கள்.

தாப்பா புதியவர்:
அண்ணே, நீங்கள் சொன்னதே தான்! மூன்றாவது காயில் ஒயர் ரெண்டு இடத்தில் கடிபட்டிருக்கிறது. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் நாரும் இருந்தது. டேப் சுற்றிவிட்டால் போதுமா? இனிமேல் எலி வராமல் இருக்க அந்துருண்டை வைக்கலாம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.

பீடோர்க்காரர்:
வெறும் டேப் வேண்டாம் தம்பி. என்ஜின் சூட்டில் பசை இளகி ஒரு மாதத்தில் அவிழும். கடிபட்ட இடத்தை வெட்டி, ஈயம் பற்றவைத்து, சூடு காட்டினால் சுருங்கும் குழாயைப் போட்டு, அதற்கு மேல் நெளிவுக் குழாய் மாட்டச் சொல்லுங்கள். கார் வயரிங் பார்ப்பவர் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவார்.

அந்துருண்டை வேண்டாம். சூட்டில் சீக்கிரம் கரைந்துவிடும், அதன் வாடை ஏர்கான் வழியாக உள்ளே வரும், குழந்தைகள் இருக்கும் வண்டிக்கு நல்லதல்ல. எலி மருந்தும் வேண்டாம்; தின்ற எலி பானட்டுக்குள்ளேயே எங்காவது செத்துக் கிடந்தால் நாற்றத்தில் நீங்கள் வண்டியில் உட்கார முடியாது. புல் ஓரத்தில் நிறுத்தாமல் சிமெண்டுத் தரையில், விளக்கு வெளிச்சத்தில் நிறுத்துங்கள். வண்டிக்குள் பிஸ்கட், நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் எதையும் ராத்திரி விட்டுவைக்காதீர்கள். வாரம் ஒருமுறை பானட்டைத் திறந்து பாருங்கள். தினமும் எடுக்கும் வண்டியைவிட, ஊருக்குப் போகும்போது நாள்கணக்கில் நிறுத்திவிட்டுப் போகும் வண்டியில்தான் எலி கூடு கட்டும்.

இப்போது கேமரன். தாப்பாவிலிருந்து கேமரன் மலையில் இருக்கும் தானா ராத்தா ஊர் சுமார் 60 கிலோமீட்டர். தானா ராத்தா கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,440 மீட்டர், தாப்பா சமவெளி. வழி முழுக்க வளைவு. ஏறும்போது சோதனை என்ஜினைக் குளிரவைக்கும் கூலண்டுக்கு, இறங்கும்போது சோதனை பிரேக்குக்கு. ரெண்டையும் வீட்டிலேயே பார்த்துவிடலாம்.

கூலண்ட் டப்பாவில் ரெண்டு கோடு இருக்கும், காலையில் ஆறிய நிலையில் தண்ணீர் அவற்றுக்கு நடுவில் நிற்க வேண்டும். பச்சையோ சிவப்போ இல்லாமல் துருப்பிடித்த பழுப்பாக இருந்தால், முன்னால் வைத்திருந்தவர் குழாய்த் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கிறார். ரேடியேட்டரை முழுக்கக் கழுவி, சரியான கூலண்ட் ஊற்றிய பிறகு மலை ஏறுங்கள். அடுத்தது காற்றாடி. ஏர்கானைப் போட்டு வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டுப் பாருங்கள், ரேடியேட்டர் காற்றாடி சுற்ற வேண்டும். நெரிசலில் நிற்கும்போது மட்டும் சூடேறி, ஓடும்போது சரியானால் சந்தேகம் காற்றாடி மேல். ஓடும்போதும் ஏறினால் தெர்மோஸ்டாட், தண்ணீர் பம்ப், அடைத்த ரேடியேட்டர் என்று தேட வேண்டும். பல பெரோடுவா வண்டிகளில் சூடு காட்டும் முள்ளே கிடையாது, நீல விளக்கும் சிவப்பு விளக்கும்தான். காலையில் நீலம் எரிந்து அணைவது சரி. சிவப்பு எரிந்தால் ஓரம் கட்டி, என்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் கொதித்துக்கொண்டிருக்கும் தண்ணீர் முகத்தில் அடிக்கும்.

பிரேக்கில் எல்லோரும் பேடு தேய்மானத்தைப் பார்ப்பார்கள், பிரேக் ஆயிலை மறந்துவிடுவார்கள். எனக்கு இதுதான் பெரிய கவலை. பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும், நம் ஊர்ப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரியில்தான் கொதிக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய ஆயிலுக்கு விதி கேட்பதே 140 டிகிரிதான். இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்தால் அந்தச் சூடு வந்துவிடும். ஆயில் கொதித்து ஆவிக் குமிழ் உண்டானால் பெடல் பஞ்சாக அமுங்கி அடிவரை போகும், வண்டி நிற்காது. ஆயில் டப்பாவைப் பாருங்கள், தேயிலைச் சாயம் போலக் கறுத்திருந்தால் மாற்றிவிடுங்கள். எப்போது மாற்றினார்கள் என்று தெரியாத வண்டியில் பார்க்கவே வேண்டாம், மாற்றிவிடுவதே நல்லது. ரெண்டு வருசத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டிய பொருள் அது.

இறங்கும்போது ஆட்டோ கியரை டியிலேயே வைக்காதீர்கள். வண்டிக்கு வண்டி எழுத்து மாறும்: 3, 2, எஸ், பி. எது கீழ் கியரோ அதில் போட்டால் என்ஜினே வண்டியைப் பிடித்து இழுக்கும், நீங்கள் விட்டுவிட்டு மிதித்தால் போதும். பின்னால் காய்கறி லாரி ஹாரன் அடித்தால் இடம் பார்த்து ஒதுங்கி வழி விடுங்கள். கருகிய வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூட்டோடு டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது கோணிவிடும்.

பெற்றவர்கள் வயசானவர்கள் என்றால், என் விருப்பத்தைக் கேட்டால் சிம்பாங் பூலாய் வழிதான். வடக்கே ஈப்போ பக்கம் போய்ச் சுற்ற வேண்டும், ஆனால் ரோடு அகலம், வளைவு குறைவு. தாப்பா வளைவுகளில் அம்மாவுக்கு வாந்தி வந்தால் மலை பார்க்கும் ஆசையே போய்விடும்.

தெமோ அக்கா:
நடுவில் நானும் ஒன்று கேட்கிறேன். சென்னையிலிருந்து கல்யாணமாகி வந்தவள். எங்கள் ஆக்ஸியா காரில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்காருபவர் சீட்டின் கீழே கார்ப்பெட் நனைந்தே கிடக்கிறது. மழையே இல்லாத நாளிலும். கடையில் ஏர்கானின் கூலிங் காயில் ஓட்டை, டேஷ்போர்டைக் கழற்ற வேண்டும் என்கிறார்கள்.

பீடோர்க்காரர்:
தங்கச்சி, அந்த ஈரத்தை வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். நிறமும் வாடையும் இல்லாத வெறும் தண்ணீரா? ஏர்கான் நன்றாகக் குளிர்கிறதா? ரெண்டுக்கும் ஆமாம் என்றால் காயிலில் ஒன்றும் இல்லை. கூலிங் காயிலில் ஓட்டை விழுந்தால் போவது கேஸ். குளிர் குறையும், கார்ப்பெட் நனையாது. ஏர்கான் தண்ணீர் வெளியே சொட்டும் ரப்பர் குழாய் அடைத்திருக்கிறது, அவ்வளவுதான். நல்ல வண்டியை நிழலில் ஏர்கானோடு நிறுத்தினால் அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். உங்கள் வண்டியில் விழாது. தோட்டத்துச் செம்மண் தூசி உள்ளே போய்ச் சேறாகி அடைப்பது இங்கே சகஜம். குழாயைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், கேபின் ஃபில்டரையும் மாற்றுங்கள், கார்ப்பெட்டை வெயிலில் காயவையுங்கள். மண்ரோட்டில் தினமும் போகிறவர்கள் ஏர் ஃபில்டரையும் புத்தகத்தில் போட்டிருக்கும் கணக்குக்கு முன்னாலேயே மாற்ற வேண்டியிருக்கும்.

செண்டேரியாங் தம்பி:
அண்ணே, நான் இனிமேல்தான் வாங்கப் போகிறேன். பழைய புரோட்டோன் சாகா கார் ஒன்று விலைக்கு வருகிறது. பார்க்க நன்றாக இருக்கிறது. உரிமை மாற்றும்போது எப்படியும் வாகனச் சோதனை உண்டு, அதில் பாஸானால் பயமில்லை என்கிறார் விற்பவர்.

பீடோர்க்காரர்:
அந்தச் சோதனையை மட்டும் நம்பி வாங்காதீர்கள். முக்கியமாக என்ஜின் நம்பர், சேஸி நம்பர் சரியா என்று பார்ப்பதற்கு அது. என்ஜினுக்குள் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்று அங்கே யாரும் கேட்கமாட்டார்கள். பழைய சாகா, வீரா, கஞ்சில் எல்லாம் பெல்ட் வண்டி. மைவியில் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி. பெல்ட் ஓட்டத்தில் அறுந்தால் பிஸ்டன் வால்வை இடித்து வளைத்துவிடலாம், அப்புறம் என்ஜினைப் பிரிக்காமல் வேலை இல்லை. ரசீது காட்டமுடியாவிட்டால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். மாற்றும்போது தண்ணீர் பம்பையும் சேர்த்து மாற்றுங்கள். கூலி ஒரே கூலிதான்.

ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டம் போட்டுப் பாருங்கள். கடக் கடக் என்று சத்தம் வந்தால் டிரைவ் ஷாஃப்ட். முன்சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருந்தால் அதன் ரப்பர் பூட் கிழிந்திருக்கிறது. வேகம் கூடக்கூட ஊ என்ற ஓசை கூடினால் வீல் பேரிங். குழியில் இறங்கும்போது மட்டும் கட கட என்றால் அப்சார்பர் பக்கம், அது அவ்வளவு பயமில்லை. வண்டி ஸ்டார்ட் ஆகாமல் டக் டக் என்று மட்டும் கேட்டால் பாட்டரி. இந்த வெயிலில் ரெண்டு வருசம் தாங்கினாலே பெரிசு.

போமனிடம் போகும்போது “வண்டி சரியில்லை” என்று மட்டும் சொல்லாதீர்கள். காலையிலா சூடானபிறகா, ஏற்றத்திலா இறக்கத்திலா, ஏர்கான் போட்டால் கூடுகிறதா என்று சொல்லுங்கள். சத்தத்தை போனில் பதிவு செய்து கொண்டுபோங்கள். விலையை முதலிலேயே கேளுங்கள், ஒரிஜினலா லோக்கலா, பழைய வண்டியிலிருந்து கழற்றிய ஹாஃப்கட் சாமானா என்றும் கேளுங்கள். மாற்றிய பழைய சாமானைக் கையில் வாங்கிப் பாருங்கள். கொடுக்க யோசிக்கும் கடைக்கு மறுபடி போகாதீர்கள். என் நண்பர் ஒருவருக்கு ஒரு கடையில் புதிய பம்ப் என்று காசு வாங்கிக்கொண்டு பழையதையே கழுவிப் போட்டிருந்தார்கள். கோயிலில் நாலு பேரைக் கேட்டால் எந்த போமன் நாணயமானவர் என்று சொல்லிவிடுவார்கள்.

தெமோ அக்கா:
பெட்ரோல் பங்க்கில் மஞ்சள் குழாயா பச்சையா? 1.99 வெள்ளி மானிய விலை எங்களுக்கு உண்டா?

பீடோர்க்காரர்:
மஞ்சள்தான், ரோன் 95. பச்சை 97, ஆக்ஸியாவுக்குத் தேவையில்லை. கறுப்பு டீசல், அதைத் தொடாதீர்கள். 1.99 வெள்ளி விலை 2025 செப்டம்பர் கடைசியில் வந்தபோதே மைகார்டு என்னும் மலேசிய அடையாள அட்டை வைத்திருக்கும் குடிமக்களுக்கு என்றுதான் வந்தது. வேலை பெர்மிட்டில் இருப்பவர்கள் மானியமில்லாத விலைதான் கொடுக்க வேண்டும்.

மழைக்காலத்துக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அக்டோபர், நவம்பரில் சாயங்கால மழைக்குத் தோட்டப் பாதைப் பள்ளங்களில் தண்ணீர் நிற்கும். அதில் இறங்கி வண்டி அணைந்தால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஏர் ஃபில்டர் வழியாக உள்ளே போன தண்ணீரைப் பிஸ்டன் அழுத்தினால் பிஸ்டனைத் தாங்கும் கம்பி வளைந்து என்ஜினே போய்விடும். தள்ளி மேட்டில் ஏற்றிவிட்டு இழுவை லாரியைக் கூப்பிடுங்கள். உங்கள் இன்ஷூரன்ஸில் இழுவை உண்டா, எத்தனை கிலோமீட்டர் வரை என்று இப்போதே பார்த்து, நம்பரை போனில் போட்டுக்கொள்ளுங்கள். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் நின்றுபோனால் அந்தச் சாலையை நடத்தும் பிளஸ் நிறுவனத்தின் உதவி எண் 1800-88-0000. எல்லோரும் தடுப்புக் கம்பிக்கு வெளியே போய் நின்றுகொண்டு கூப்பிடுங்கள். எந்தத் திசையில் போகிறீர்கள், ஓரத்துப் பலகையில் எத்தனையாவது கிலோமீட்டர் என்று சொன்னால் ரோந்து வண்டி நேராக அங்கேயே வந்துவிடும்.