சனிக்கிழமை கார் பாக்கப் போறது

குழு: அம்மம்மா வீட்டார்

நிரோஷ்: சனிக்கிழமை ஒரு பழைய ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் 1 பாக்கப் போறன். 1978, டீசல், 50 குதிரைவலு. ஆராவது வாறியளா?

சித்தி: சனிக்கிழமை அம்மம்மாவின்ர திவசம்

நிரோஷ்: பின்னேரம்தான் சித்தி

சித்தி: பின்னேரம் ஆர் பாத்திரம் கழுவுறது

பெரியப்பா: தம்பி, எஞ்சின் குளிர்ந்திருக்கேக்க போ. பொனட்டில கை வைச்சுப் பார். முதலே சூடாக்கி வைச்சிருந்தால் குளோ பிளக் (குளிரில டீசல் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணச் சூடாக்கிறது) பழுதை மறைக்கினம். பிறகு துரு. முன் மட்காட் கதவோட முட்டுற விளிம்பு, டீசல் விடுற குழாய் வாய். காந்தம் கொண்டு போ. ஒட்டாத இடம் துருவை மறைக்கப் பூசின புட்டி.

அத்தான்: துரு எண்டால் வெட்டி வெல்ட் பண்ணலாம்

சித்தி: எந்த மெசினால? 3 வருசமா உங்கட கராஜில கிடக்கிறதாலயோ

பெரியப்பா: 4

அத்தான்: 🙏

நிரோஷ்: பெரியப்பா எஞ்சின்?

பெரியப்பா: அதுக்குக் கதை தெரியோணும். ஃபோக்ஸ்வாகன்காரர் தங்கட பழைய பீட்டில் காருக்குப் பதிலா போர்ஷேட்ட குடுத்து ஈஏ 266 எண்ட காரைச் செய்விச்சவங்கள். எஞ்சின் பின்சீற்றுக்குக் கீழ. 1971ல லைடிங் எண்டவர் ஃபோக்ஸ்வாகன் தலைமைக்கு வந்து அதை நிப்பாட்டிப்போட்டார். கைகுடுத்தது அவங்கட கையில இருந்த அவுடி கொம்பனி. 1972ல அவுடி 80க்கு வந்த தண்ணியால குளிருற எஞ்சினைக் குறுக்கா வைச்சு, முன்சில்லை இழுக்க விட்டு, இத்தாலி டிசைனர் ஜுஜாரோ கீறின உடம்பைப் போட்டு 1974 மார்ச்சில கோல்ஃப் செய்யத் தொடங்கிட்டாங்கள். அந்த ஜூலை 1ல வொல்ஃப்ஸ்பூர்க் தொழிற்சாலையில பீட்டில் செய்யிறது முடிஞ்சுது.

அத்தான்: பெரியப்பா, அவன் கேட்டது எஞ்சின்

பெரியப்பா: பொறு. உன்ர 1471 சிசி டீசல் அந்த அவுடி பெற்றோல் எஞ்சின்ர வழிதான். டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில இடிக்கும், ஹெட் போச்சு. பெல்ட் மாத்தின ரசீது கேள். இல்லாட்டி அந்தக் காசை விலையில குறை.

மாமி: பாயசத்துக்கு சவ்வரிசி ஆர் வாங்கிறது?

பெரியப்பா: கண்ணாடிக்குக் கீழ மழைத்தண்ணி ஓடுற தட்டையும் பார். சருகு அடைச்சால் தண்ணி பியூஸ் பெட்டிக்குள்ள இறங்கும். பியூஸ் பெட்டியை இறக்கி, கனெக்டர் பச்சை பூத்திருக்கோ எண்டு பார்.

மாமி: சவ்வரிசி

நிரோஷ்: அப்ப ஆர் வாறியள்?

அத்தான்: மெசின் குடுக்க வரேக்க பாப்பம்

சித்தி: 2 மணிக்கு முதல் ஒருத்தரும் வெளிக்கிடக் கூடாது

பெரியப்பா: 2 மணிக்கு விக்கிறவன் எஞ்சினைச் சூடாக்கிப் போடுவான்