மூணு வரி திருத்தினா முழுக் கோப்பும் மாறினதா காட்டுது, என்ன செய்ய?

மார்த்தாண்டம் மாணவி:
எல்லாருக்கும் வணக்கம். ஒரு ஓப்பன் சோர்ஸ் மென்பொருளோட நிறுவல் பக்கத்தில மூணு வரி திருத்தி, நிரல்களைச் சேமிச்சுப் பகிர்ற கிட்ஹப் தளத்தில புல் ரிக்வெஸ்ட் (என் திருத்தத்தைச் சேத்துக்கோங்கன்னு கேட்கிற கோரிக்கை) அனுப்பியிருக்கேன். ஆனா முழுக் கோப்பையும் அழிச்சு எழுதின மாதிரி சிவப்பும் பச்சையுமா காட்டுது. டிசிஓங்கிற கையொப்பச் சோதனையும் சிவப்பு, அதாவது தேறலை. இதை மூடிட்டுப் புதுசா அனுப்பணுமா? நான் பயன்படுத்துறது விண்டோஸும் விஎஸ் கோட் எடிட்டரும்.

நாகர்கோவில் நிரலர்:
மூட வேண்டாம் மக்களே. அதே பிராஞ்சில (உங்க திருத்தம் இருக்கிற கிளை) சரி பண்ணி புஷ் செஞ்சா (கிட்ஹப்புக்கு அனுப்பினா) அந்த ரிக்வெஸ்ட்டே புதுப்பிச்சுக்கும். மூடினா ரிவ்யூ குறிப்பெல்லாம் பழைய இடத்தில கிடந்து போகும்.

மாற்றங்கள் பக்கத்தில பல்சக்கரத்தை அழுத்தி, வெற்றிடத்தை மறைக்கிற தெரிவைப் போடுங்க. மூணு வரி மட்டும் மிஞ்சினா பெரும்பாலும் வரிமுடிவுதான் காரணம். விண்டோஸ்ல வரிக் கடைசியில சிஆர், எல்எஃப்னு ரெண்டு குறி வரும். லினக்ஸ்ல எல்எஃப் மட்டும். கண்ணுக்குத் தெரியாது, ஆனா மாற்றங்களைக் கண்காணிக்கிற கிட் கருவிக்கு எல்லாமே மாறின வரி. விஎஸ் கோட் வலது கீழ்மூலையில சிஆர்எல்எஃப்னு நிக்கும். அதை எல்எஃப் ஆக்கிச் சேமிங்க.

மறைச்ச பிறகும் நிறைய வரி நின்னா, சேமிக்கும்போது வரிகளை மாத்தி அடுக்குற ப்ரிட்டியர் மாதிரி நீட்சியோட வேலை. அதை நிறுத்தி, மெயின்ல (மூலக் கிளையில) உள்ள கோப்பை மீட்டெடுத்து, அந்த மூணு வரியை மட்டும் திருப்பி எழுதுங்க.

டிசிஓ 2004ல லினக்ஸோட மையப்பகுதியான கெர்னல்ல வந்த வழக்கம். இதைத் தர எனக்கு உரிமை உண்டுன்னு ஒவ்வொரு கமிட்டிலயும் (சேமிச்ச மாற்றத் தொகுப்பு) ஒரு கையொப்ப வரி. ஒரே கமிட்னா, கோப்பை ஆட் பண்ணி, கிட் கமிட் கட்டளையை அமெண்ட் (பழைய கமிட்டைத் திருத்த), சைன்ஆஃப் (கையொப்ப வரி சேர்க்க) ரெண்டு தெரிவோட ஓட்டுங்க. கையொப்பத்தில உள்ள பெயரும் மின்னஞ்சலும் கமிட் ஆசிரியரோடதும் ஒண்ணா இருக்கணும். இடையில மின்னஞ்சலை மாத்தியிருந்தா ரீசெட் ஆத்தர் தெரிவும் வேணும். புஷ் பண்ணும்போது ஃபோர்ஸ் வித் லீஸ் போடுங்க. வெறும் ஃபோர்ஸ் போட்டா, மெயின்டெய்னர் (மென்பொருளைப் பராமரிக்கிறவர்) உங்க பிராஞ்சில சேர்த்ததும் போயிரும்.

தக்கலை அக்கா:
கோப்பு எந்த வடிவம்னும் பாத்துக்கிடுங்க. மார்க்டவுன்ல கட்டளையைச் சுத்தி ஒரு பேக்டிக் (`) போதும். ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட்ல ரெண்டு வேணும். ஒண்ணு போட்டா, ஆவணப் பக்கங்களை உருவாக்குற ஸ்பிங்ஸ்ல பெரும்பாலும் சாய்வெழுத்தாத்தான் வரும். அனுப்பும் முன்ன பக்கத்தை உருவாக்குற மேக் எச்டிஎம்எல் கட்டளையை ஓட்டி பக்கத்தைப் பிரவுசர்ல பாருங்க.

பேச்சிப்பாறை பக்கம் மொபைல் நெட்டை நம்பி இருக்கவங்க, குளோன் பண்ணும்போது (கோப்புகளை இறக்கும்போது) டெப்த் 1 போட்டா பழைய வரலாறு இறங்காது.

மார்த்தாண்டம் மாணவி:
வரிமுடிவுதான் அண்ணா. இப்போ மூணு வரிதான் காட்டுது, டிசிஓவும் பச்சை. ஆனா இன்னும் யாரும் பாக்கலை. அடுத்து தமிழாக்கமும் செய்யணும்.

தக்கலை அக்கா:
ரெண்டு வாரம் பொறுத்து, அங்கேயே பணிவா ஒரு வரி கேளுங்க. மூணு வரிதானேன்னு குறைச்சு நினைக்காதீங்க. நிறுவல் கட்டளை தப்பா இருந்தா புதுசா வர்றவங்க அதோட விட்டுட்டுப் போயிருவாங்க.

பல மென்பொருள்கள்ல மொழிபெயர்ப்புப் பக்கம் பிஓங்கிற மொழிபெயர்ப்புக் கோப்பிலிருந்து தானா உருவாகுது. உருவான பக்கத்தைத் திருத்தினா அடுத்த தடவை உருவாக்கும்போது அழிஞ்சிரும். லிப்ரேஆபீஸ் மாதிரி வெப்லேட்ங்கிற இணைய மொழிபெயர்ப்புக் கருவி வச்சிருக்காங்களான்னு, பங்களிக்கிறவங்களுக்கான காண்ட்ரிபியூட்டிங் கோப்பில பாருங்க.