பழைய போர்டில் மயில் செய்தால் குப்பை குறையுமா?

நொய்யல்கரை: என் மகள் திருப்பூரில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக் கண்காட்சிக்குப் பழைய செல்போன் போர்டுகளையும் கீபோர்டு பொத்தான்களையும் சூட்டுப்பசையால் ஒட்டி ஒரு மயில் செய்தாள். முதல் பரிசு, 'மின்னணுக் கழிவு விழிப்புணர்வு' என்று சான்றிதழ் வேறு. இப்போது அதை எங்கே போடுவது என்று அவளே கேட்கிறாள். பழைய இரும்புக்கடைக்காரர் வாங்க மறுத்துவிட்டார். இதில் பிள்ளைகள் என்னதான் கற்கிறார்கள்?

காயில் கட்டுபவன்: கோவை உக்கடத்துப் பழைய பொருள் கடைகளுக்கே கொண்டுபோனாலும் வாங்க மாட்டார்கள். பசையும் மினுக்குத் தூளும் ஏறிய போர்டைப் பிரிக்கிற கூலிகூடத் தேறாது. கணபதியில் இருபது ஆண்டாக மோட்டார் காயில் கட்டுகிறேன். கிரைண்டர் மோட்டார் கருகி வந்தால், பழைய செம்பை எடைபோட்டுப் புதுக் கம்பியின் விலையில் கழித்துக்கொள்வோம். மறுபயன்பாடு என்றால் அது. மயில் செய்வது குப்பைக்குப் பூச்சூட்டிப் பொட்டு வைப்பது.

கோபி டீச்சர்: அண்ணா, உங்கள் பட்டறையில் நாற்பது பிள்ளைகள் நிற்க இடம் இருக்கிறதா? என் வகுப்பில் பலர் ரேடியோவின் உட்புறத்தைப் பார்த்ததே இல்லை. போர்டைக் கையில் எடுத்த பிறகுதான், "இது தங்கமா டீச்சர்?" என்று கேட்கிறார்கள். பாடம் அங்கேதான் தொடங்குகிறது. ஜி.டி. நாயுடு மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பார்த்துத்தானே தொழில் கற்றார்?

காயில் கட்டுபவன்: பிரித்தார், டீச்சர். திரும்பப் பூட்டினார். ஒட்டி வைக்கவில்லை.

ஆனைமலை அம்மா: நீங்கள் இருவரும் ஈயத்தை மறந்துவிட்டீர்கள். பழைய போர்டுகளில் பாகங்களை ஒட்டவைக்கும் பற்றில் (சால்டரில்) மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஈயம். அதைத் தொட்ட கையோடு பிள்ளை முறுக்கு தின்னும். என் அக்கா மகன் உப்பிய செல்போன் பேட்டரியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினான். மேசை விரிப்பு எரிந்தது, விரல் தப்பியது கடவுள் புண்ணியம்.

கோபி டீச்சர்: பேட்டரி, டியூப்லைட், பழைய டிவியின் பிக்சர் டியூப் ஆகியவற்றை வகுப்புக்குள் விடுவதே இல்லை. பற்று வைக்கவும் விடமாட்டேன். கை கழுவச் சோப்பு என் செலவு.

வெள்ளலூரான்: 2022-இல் உலகம் கழித்த மின்னணுக் குப்பை 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததற்குக் கணக்கு இருப்பது கால்வாசிக்கும் குறைவு. நம் நாட்டில் 2023 ஏப்ரல் முதல் புது விதிகள்; அவற்றுக்குள் வரும் பொருள்கள் 21 வகையிலிருந்து 106 ஆகியிருக்கின்றன. மறுசுழற்சிப் பொறுப்பு தயாரிப்பாளருடையது. அவர்களை விட்டுவிட்டுப் பிள்ளைகளுக்குப் பசை வாங்கிக் கொடுக்கிறோம்.

காயில் கட்டுபவன்: விதி இருக்கட்டும், தம்பி. கடையில் போய்ப் பழைய மிக்ஸியைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

நொய்யல்கரை: நேற்றிரவு ஹேர் டிரையரால் பசையை இளக்கி மயிலைப் பிரித்தோம். மூன்று மணிநேரம். போர்டுகள் ஒன்பது தேறின. தோகையைத் தொட்டதும் அழுதுவிட்டாள்.

காயில் கட்டுபவன்: தோகையில் என்ன இருக்கிறது?

நொய்யல்கரை: கீபோர்டு பொத்தான்கள் மட்டும்.

காயில் கட்டுபவன்: வெறும் பிளாஸ்டிக்தான். வைத்துக்கொள்ளட்டும்.