முதல் முறை கச்சேரிக்குப் போகிறேன்: கைதட்டுவது எப்போது, எழுந்து போவது எப்போது?

புதுக்காது:
கர்நாடக இசை வாய்ப்பாட்டுக் கச்சேரி, இரண்டரை மணி நேரம். ராகம், தாளம் எதுவும் தெரியாது. எல்லோரும் தொடையில் தாளம் போடுகிறார்களே, அதை எப்படிப் பிடிப்பது? பாட்டு முடியும் முன்பே கைதட்டுகிறார்களே, ஏன்? நடுவில் வெளியே போகலாமா?

மிஸ்ரசாபு:
வாய்ப்பாட்டில் தொடங்குவது நல்லது. பாடகர் கையிலேயே தாளம் தெரியும். அவர் வலது கை தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருங்கள். ஸ்பீக்கர் ஓரம் வேண்டாம்.

அதிகம் வருவது ஆதி தாளம், 8 எண்ணிக்கை. ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். அடுத்து தட்டு, வீச்சு (உள்ளங்கையைத் திருப்பிப் போடுவது), தட்டு, வீச்சு. முதல் தட்டுதான் சமம். பாட்டும் அங்கேதான் தொடங்கும் என்று நினைத்தால் குழம்பிவிடும். பல கீர்த்தனைகளுக்கு எடுப்பு, அதாவது பாட்டு தொடங்கும் இடம், சமத்திலிருந்து கொஞ்சம் தள்ளித்தான். இரண்டு களை என்றால் ஒவ்வொரு தட்டும் விரலும் இரண்டு முறை விழும். தவறினால் நிறுத்திவிட்டு அடுத்த சமத்தில் சேர்ந்துகொள்ளுங்கள். சத்தம் மட்டும் வரக் கூடாது. தப்புத் தாளம் பக்கத்தில் இருப்பவரையும் கெடுக்கும்.

தம்பூரா:
முதல் நாளே எண்ண ஆரம்பித்தால் பாட்டு காதில் விழாது. அமைப்பு தெரிந்தால் போதும். இன்றைய கச்சேரி வரிசை அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) வகுத்த வழி: தொடக்கப் பாட்டாக வர்ணம், சிறு கீர்த்தனைகள், பிறகு கனமான ராகத்தில் ஒரு பெரிய உருப்படி, கடைசியில் துக்கடாக்கள் என்னும் சின்னப் பாட்டுகள்.

அந்தப் பெரிய உருப்படிதான் புதியவர்களைத் திணற வைக்கும். பாடகர் ஆலாபனை செய்வார், அதாவது தாளமில்லாமல் ராகத்தை மட்டும் விரித்துப் பாடுவார். அதே ராகத்தை வயலின் வாசிக்கும். இரண்டின் முடிவிலும் தனித்தனியே கைதட்டலாம். பிறகு கீர்த்தனை. அதில் ஒரு வரியை மட்டும் திரும்பத் திரும்ப விரித்துப் பாடினால் நிரவல், வார்த்தை போய் ஸரிகம வந்தால் கல்பனாஸ்வரம். அடுத்து தனி ஆவர்த்தனம், தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி. கூட்டம் எழுந்து போவது இங்கேதான். தயவுசெய்து நீங்களும் போகாதீர்கள். மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசிக்கும் அளவு சுருங்கிக்கொண்டே வரும், பிறகு இருவரும் சேர்ந்து வாசிப்பார்கள், முடிவில் கோர்வை என்னும் தாளக் கோலம் மூன்று முறை வரும். பாடகர் விட்ட வரியை எடுத்ததும் கைதட்டுங்கள்.

வெளியே போக வேண்டுமானால் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் முன்.

புதுக்காது:
நன்றி. என்ன பாட்டு என்று அறிவிக்காவிட்டால்?

மிஸ்ரசாபு:
பல்லவியின் (பாட்டின் தொடக்க வரியின்) முதல் இரண்டு சொற்களைக் குறித்துக்கொள்ளுங்கள், வீட்டில் தேடினால் ராகமும் தாளமும் கிடைத்துவிடும். நடுவில் மிருதங்கத்தைக் கல்லால் தட்டினால் அது ஸ்ருதி சேர்ப்பது, பாட்டு இல்லை.

தம்பூரா:
கடைசியில் கச்சேரியை முடிக்கும் பாட்டான மங்களம், பெரும்பாலும் சௌராஷ்டிர ராகத்தில். அது முடியும்வரை உட்கார்ந்திருங்கள்.