மலைப்பூண்டு லேபிளும் இணையத்தளமும்: வடிவமைப்பைக் கற்க எங்கே தொடங்குவது?

பூம்பாறை விவசாயி:
வணக்கம். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ஆம் ஆண்டிலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டாலும், எங்கள் வீட்டுப் பூண்டு இன்னமும் பெயரில்லாத சாக்கில்தான் வடுகபட்டிச் சந்தைக்கு இறங்குகிறது. இந்தப் பருவம் முதல் அரைக் கிலோ பைகளில் நேரடியாக விற்க எண்ணி, லேபிளையும் சிறிய இணையத்தளம் ஒன்றையும் நானே வடிவமைக்க முயன்றுவருகிறேன். கையிலுள்ள பழைய மென்பொருளில் 'கொடைக்கானல்' என்று தட்டச்சிட்டால் முதல் எழுத்தே உடைந்து, ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு பின்னால் போய் ஒட்டிக்கொள்கிறது. அச்சகத்தில் கேட்டால், ஆங்கிலத்திலேயே போட்டுவிடச் சொல்கிறார்கள். இணையத்தில் 'நூறு இலவசத் தளங்கள்' போன்ற பட்டியல்களுக்குக் குறைவில்லை. அவற்றில் எதை நம்பிக் கற்பது?

கோத்தகிரி அச்சுக்காரர்:
பட்டியல்களை ஒதுக்கிவிடுங்கள், நூறு தளங்களைக் குறித்துவைத்துக்கொண்டு ஒரு லேபிளும் முடிக்காதவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். உங்கள் சிக்கலுக்குக் காரணம் எழுத்துரு அன்று. கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் ககரம் முதலிலும் உயிர்க்குறி அதன் பின்னும் சேமிக்கப்படுகின்றன. கொம்பை முன்னுக்குக் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை, அதைத்தான் உங்கள் மென்பொருள் செய்யவில்லை. இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் இந்தத் தொல்லை இல்லை. கூகுள் எழுத்துருத் தளத்தில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் மீரா இனிமை, ஹிந்த் மதுரை, முக்த மலர், பவானம் முதலியவை வரும். இவை திறந்த உரிமத்தில் வெளியானவை என்பதால் விற்பனைப் பொருளின் லேபிளிலும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

அச்சகத்துக்கு அனுப்பும் முன் எழுத்துகளைக் கோட்டுருவாக, அதாவது வெறும் வரைவடிவமாக, மாற்றிவிட்டால், அங்கே அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் எதுவும் உடையாது. ஆனால் மாற்றிய பிறகு எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது என்பதால், மாற்றாத படி ஒன்றைத் தனியே வைத்திருங்கள். ஒருமுறை நான் வைக்காமல் விட்டு, ஒற்றைப் புள்ளிக்காக முழு அட்டையையும் மறுபடி கோத்தேன். அச்சகம் நான்கு வண்ணக் கோப்புதான் வேண்டும் என்றால், ஸ்கிரைபஸ் என்ற இலவசப் பக்க வடிவமைப்பு மென்பொருள் மூலம் பி.டி.எஃப். எடுக்கலாம்.

குன்னூர் இணைய வடிவமைப்பாளர்:
தளத்துக்கு வருகிறேன். பக்கத்தின் கட்டமைப்பை எழுதும் எச்.டி.எம்.எல்., தோற்றத்தை வகுக்கும் சி.எஸ்.எஸ். இரண்டுக்கும் மொசில்லாவின் எம்.டி.என். ஆவணங்களே முதன்மையானவை. ஆங்கிலத்தில் இருந்தாலும் எடுத்துக்காட்டுகளை அங்கேயே மாற்றிப் பார்க்க முடிவதால் பழகிவிடும். படிப்படியான பயிற்சி வேண்டுமென்றால் ஃப்ரீகோட்கேம்ப் என்ற இலவசப் பயிற்சித் தளம் போதும்.

அங்கே பெரும்பாலும் ஆங்கில எழுத்தை வைத்தே விளக்குவதால், தமிழுக்கென்று சிலவற்றை நீங்களாகவே கவனிக்க வேண்டும். 'கூ', 'ஞி' போன்றவற்றுக்கு மேலும் கீழும் இடம் தேவைப்படுவதால், வரி உயரத்தை எழுத்தளவைப் போல் 1.6 மடங்காவது வைப்பது என் வழக்கம். சாம்பல் பின்னணியில் வெளிர்பச்சை எழுத்து அழகாகத் தோன்றலாம்; ஆனால் இணைய அணுகல்தன்மை நெறிகள் சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாட்டைக் கோருகின்றன.

படங்களைப் பிறரிடமிருந்து கடன் வாங்காதீர்கள். உங்கள் படிக்கட்டு வயலைவிடப் பொருத்தமான படம் எந்தப் படக் கிடங்கிலும் இல்லை. ஸ்கூஷ் என்ற தளத்தில் படத்தைச் சுருக்கிக்கொள்ளலாம். சுருக்கும் வேலை உலாவிக்குள்ளேயே நடப்பதால், மலையில் சிக்னல் விட்டுவிட்டு வரும் நாளிலும் படத்தை ஏற்றக் காத்திருக்க வேண்டியதில்லை.

பூம்பாறை விவசாயி:
இருவருக்கும் மிக்க நன்றி. இங்க்ஸ்கேப்பில் மீரா இனிமையை வைத்துப் பார்த்தேன். கொம்பு தன் இடத்துக்கு வந்துவிட்டது. நாளை கொடைக்கானலில் ஒரு தாளில் அச்செடுத்து, பையில் ஒட்டிப் பார்த்த பிறகே அச்சகத்துக்கு அனுப்புவேன்.