அப்பாவுக்கு மறதி கூடுகிறது, மூளைப் பயிற்சி ஆப் வாங்கிக் கொடுக்கலாமா?

உவர்மலை மகள்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 68 வயது, கணக்கு வாத்தியாராக இருந்தவர். பென்சன் எடுத்த பிறகு வெளியில் போவது குறைந்து குறைந்து இப்போது காலையில் பேப்பர், பிறகு டிவி, பின்னேரமும் டிவி என்று ஆகிவிட்டது. ஆட்களின் பெயர் சட்டென்று வருவதில்லை, சொன்ன கதையையே திரும்பச் சொல்கிறார், நாங்கள் கதைப்பதில் பாதிக்கு "என்ன, என்ன?" என்கிறார். வழி தவறினார், காசில் பிழை விட்டார் என்று ஒன்றும் இல்லை, சந்தைக் கணக்கை இன்னும் மனதுக்குள்ளேயே போடுவார். ஆனால் அவருடைய அக்கா, எங்கள் மாமி, கடைசிக் காலத்தில் மறதி நோயோடு பட்ட பாட்டைப் பார்த்ததால் எனக்குப் பயமாக இருக்கிறது. கனடாவில் இருக்கும் தம்பி ஒரு மூளைப் பயிற்சி ஆப்புக்குச் சந்தா கட்டித் தருகிறேன் என்கிறான். உதவுமா? இல்லாவிட்டால் வேறு என்ன செய்யலாம்?

ஓய்வுபெற்ற தாதி:
மகள், ஆப் பிறகு இருக்கட்டும், முதலில் அப்பாவின் காதைக் காட்டுங்கள். நீங்கள் எழுதியதில் எனக்குப் பட்டது அந்த "என்ன, என்ன?" தான். லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024இல் மறதி நோய்க்கான 14 காரணிகளைச் சொன்னது, அவற்றைச் சரிசெய்தால் உலகில் 45 வீதம் அளவுக்குத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பிருக்கிறதாம். அதில் பெரிய பங்கு நடுவயதில் காது மந்தமாவதற்கும் கெட்ட கொலஸ்ட்ரோலுக்கும். காது கேட்காதவருக்குச் சொல்லைப் பிடிப்பதற்கே மூளை முழுவதும் செலவாகிவிடுகிறது, பிறகு எதை ஞாபகம் வைப்பது? கொஞ்சக் காலத்தில் நாலு பேர் கூடும் இடத்துக்குப் போவதையே விட்டுவிடுவார். அமெரிக்காவில் காது மெஷின் கொடுத்து 3 ஆண்டுகள் பார்த்த ஆய்வு 2023இல் வந்தது. எல்லாருக்கும் பலன் தெரியவில்லை, ஆனால் ஏற்கெனவே ஆபத்துக் கூடியவர்களிடம் மூளை மந்தமாகும் வேகம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. சில பேருக்கு அழுக்கு அடைத்திருப்பதுதான் பிரச்சினையாக இருக்கும், அதை எடுத்துவிட்டாலே போதும்.

அப்புறம் பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல், தைராய்டு, விற்றமின் பி12 எல்லாம் பாருங்கள். பி12 குறைந்தாலும் தைராய்டு குறைந்தாலும் மறதி வரும், மருந்து எடுத்தால் சரிவரக்கூடிய மறதி அது. அவர் எடுக்கும் குளிசைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டொக்டரிடம் கொண்டுபோங்கள். தடிமனுக்கும் கடிக்கும் நாங்கள் சும்மா போடும் பிரிட்டோன் (Piriton) என்ற அலர்ஜிக் குளிசை வயதானவர்களின் தலையை மந்தமாக்கும். டொக்டர் எழுதித் தந்த எதையும் மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கோட்டைப் பக்கம் நடக்கிறவன்:
அக்கா சொன்னது சரி, அதோடு நடையும் வேண்டும். 2011இல் வந்த ஆய்வு ஒன்றில் 120 முதியவர்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பகுதியினரை வாரத்தில் 3 நாள், 40 நிமிடம் வேகமாக நடக்க வைத்தார்கள். ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் அவர்களுக்கு ஓர் ஆண்டில் 2 வீதம் வளர்ந்தது, கை கால் நீட்டி மடக்கிய மற்றவர்களுக்குச் சுருங்கியது. விடியவே வெயில் ஏற முன் திருகோணமலைக் கோட்டை வாசலால் உள்ளே போய் கோணேசர் கோயில் ஏற்றம் வரை நடக்கலாம், வழியில் மான்கள் நிற்கும். மூச்சு வாங்க வேண்டும், ஆனால் கதைக்க ஏல வேண்டும், அந்த வேகம் போதும். தனியே அனுப்பாதீர்கள், அவரோடு படிப்பித்த யாரையாவது சேர்த்துவிடுங்கள். நடை முடிந்து பிளேன்டீ குடித்துக்கொண்டு கதைக்கும் அந்த நேரமும் மருந்துதான்.

நிலாவெளி:
வல்லாரைச் சம்பல் கொடுங்கள், எங்கள் அம்மம்மா அதிலேதான் இருந்தார்.

தம்பலகாமம் ஆசிரியை:
ஆப் பற்றி நீங்கள் கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லையே. லுமோசிட்டி ஆப் நிறுவனம் மறதியைத் தடுக்கும் என்றெல்லாம் ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததற்காக அமெரிக்காவில் 2016இல் 20 லட்சம் டொலர் கட்டியது. சுடோகு போட்டால் சுடோகுவில் கெட்டிக்காரர் ஆவார், அதற்காக ஆட்களின் பெயர் ஞாபகம் வராது. எல்லாமே வீண் என்று சொல்லவும் மாட்டேன், பார்வையின் வேகத்தைப் பழக்கும் ஒரு வகைப் பயிற்சிக்கு நீண்டகால ஆய்வில் நல்ல முடிவு வந்திருக்கிறது.

ஆனால் ஒரு கணக்கு வாத்தியார் வீட்டில் இருக்கும்போது ஆப் எதற்கு? பக்கத்து வீட்டில் சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகும் இரண்டு மூன்று பிள்ளைகளை விறாந்தையில் இருத்துங்கள். "இந்த வரியிலிருந்து அடுத்த வரிக்கு எப்படி வந்தாய்?" என்று பிள்ளையிடம் கேட்டு, பிழை எங்கே நுழைந்தது என்று பின்னோக்கித் தேடி, அதே விஷயத்தை வேறு மாதிரி விளங்கப்படுத்தி... அவ்வளவையும் எந்த ஆப் செய்ய வைக்கும்? இப்போதைய பாடப் புத்தகம் அவர் படிப்பித்த காலத்துப் புத்தகம் இல்லை, அதையும் புதிதாகப் படிக்க வேண்டி வரும், அது இன்னும் நல்லது. சிங்களம் கதைப்பார், வாசிக்கத் தெரியாது என்றால் எழுத்தைப் பழகச் சொல்லுங்கள், எங்கள் ஊரில் அது ஒவ்வொரு நாளும் கைகொடுக்கும்.

உவர்மலை மகள்:
எல்லாருக்கும் நன்றி. பிள்ளைகள் விஷயத்தைச் சொன்னேன், "பழைய சோக்குக்கட்டிப் பெட்டி எங்கே?" என்று கேட்டார்! ஆனால் காது என்று வாயெடுத்தாலே கோபம் வருகிறது.

ஓய்வுபெற்ற தாதி:
காது என்று சொல்லாதீர்கள். பிரஷர் பார்க்கக் கூட்டிக்கொண்டு போய், டொக்டரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அவர் "காதையும் ஒருக்கால் பார்ப்போம் சேர்" என்றால் கேட்பார். வல்லாரை நல்ல கீரை, சாப்பிடட்டும், ஞாபகத்துக்கு என்று விற்கும் குளிசைகளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். பழகின வழி தவறினாலோ, சந்தைக் கணக்கு பிழைக்கத் தொடங்கினாலோ, குணம் மாறினாலோ வயதுதானே என்று இருக்காமல் உடனே காட்டுங்கள்.